நோட்டில் எழுதாதது

"இது எந்த ஊருங்க?" என்று டாக்டர் சுராயா கேட்டார்.

"அறுநூத்தி இருபது, ஆறு" என்றார் என் கணவர்.

அது ஸ்ரீரங்கத்தின் பின்கோடு. அவர் அங்கே தபால் ஆபீசில் கடிதம் பிரிக்கிறவர். நாங்கள் இருந்ததோ ஆற்றுக்கு இந்தப் பக்கம், திருச்சியில், ஓர் ஆஸ்பத்திரி வார்டில்.

"சரி, இவங்க யாரு?" டாக்டர் என்னைக் காட்டினார்.

கணவர் என்னையே ரொம்ப நேரம் பார்த்தார். "முகவரி முழுசா இல்ல" என்றார்.

கட்டில் கம்பி அதிரும்படி அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

நேற்று, திங்கட்கிழமை காலை, வாந்தியில் ஆரம்பித்தது. மத்தியானம் நாக்கு குழறியது. சாயங்காலம் நிற்க முடியவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அவர் தினமும் சாப்பிடுகிற லித்தியம் மாத்திரை, இருக்க வேண்டிய அளவைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ரத்தத்தில் ஏறி இருந்தது.

மருந்தேதான் விஷம் என்றார்கள்.

எப்படி என்றுதான் எனக்குப் புரியவில்லை.

நான் எதையும் எழுதி வைக்கிறவள். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. கொடுத்த தேதி, கொடுத்த நேரம், மூன்று வருஷமாக நோட்டில் இருக்கிறது. அட்டையில் மீதி இருந்த மாத்திரையும் நோட்டும் ஒத்துப்போயின. ஒன்றுகூடக் கூடவில்லை, குறையவில்லை.

அவருடைய தங்கை ரோசரி நோட்டை வாங்கி முதலிலிருந்து கடைசி வரை புரட்டினாள்.

"நோட்டு சரியாத்தான் இருக்கு, அண்ணி. எங்க அண்ணன்தான் சரியில்ல."

டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். மூட்டுவலி மாத்திரை ஏதாவது? இல்லை. பிரஷர் மாத்திரை? இல்லை. பேதி? நேற்றுக்கு முன்னால் இல்லை. நாட்டு மருந்து? இல்லவே இல்லை.

பேனாவை மூடினார்.

"மாத்திரையை நிறுத்திட்டேன். ஏன் ஏறுச்சுன்னு தெரிஞ்சா, இறங்கினப்புறம் திரும்பக் குடுக்கலாம். தெரியலன்னா இவருக்கு இந்த மாத்திரை இனிமே கிடையாதும்மா."

ரோசரி கையிலிருந்த நோட்டை வாங்கிக்கொண்டேன்.

இந்த மாத்திரைக்கு முன்னால், ஒன்பது நாள் தூங்காமல் பேசிக்கொண்டே இருந்துவிட்டு, பத்தாம் நாள் கொள்ளிடம் பாலத்துக் கைப்பிடிச் சுவர்மேல் ஏறி நின்றவர் அவர். வேறு இரண்டு மருந்து கொடுத்துப் பார்த்தும் கேட்கவில்லை. இதுதான் கேட்டது. அதற்குப் பிறகு மூன்று வருஷம் அமைதி. கோயில் பாட்டுக் குழுவில் வாயை மட்டும் அசைக்கிற அளவுக்கு அமைதி.

நோட்டை மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து பார்த்தேன். எங்கே தப்பு?

ரோசரி காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. நான் கொண்டுவந்த தூக்கைத் திறந்து, மூடியில் கொஞ்சம் கஞ்சி ஊற்றிக் குடித்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"என்ன அண்ணி இது, உப்பே இல்ல?"

அடுத்த கட்டிலுக்குப் போய்க்கொண்டிருந்த டாக்டர் நின்றார்.

"வீட்டுல எத்தனை நாளா உப்பு போடல?"

"சாம்பல் புதன்லேர்ந்து. இன்னையோட இருபத்தெட்டு நாள். தவக்கால நேர்ச்சை, டாக்டர்."

"இவருமா?"

வீட்டில் இருப்பது இரண்டே பேர். ஒரு குழம்புதான் வைப்பேன். முதல் நாள் தட்டில் கை வைத்ததும், "உப்பு?" என்று கேட்டார். ஈஸ்டர் வரைக்கும் நேர்ச்சை என்றேன். எழுந்துபோய் உப்பு ஜாடியை அவரே மேல் அலமாரியில் எடுத்து வைத்தார். மறுநாள் ஆபீசுக்கு அதே குழம்பைத்தான் டப்பாவில் கொண்டுபோனார். எதற்காக நேர்ச்சை என்று கேட்கவே இல்லை.

டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"உடம்புல உப்பு குறைஞ்சா கிட்னி உப்பை வெளிய விடாது. கூடவே இந்த மருந்தையும் பிடிச்சு வெச்சுக்கும். வெயில்ல வேர்வையில வேற போயிருக்கு." மேலே தொங்கிய பாட்டிலை விரலால் தட்டினார். "இப்ப உள்ள இறங்குறதும் உப்புத் தண்ணிதான்."

நான் பாட்டிலைப் பார்த்தேன்.

"நல்லவேளை, காரணம் கெடச்சிருச்சு. ரத்தத்துல இறங்கட்டும், திரும்ப ஆரம்பிப்போம். உப்பை மட்டும் இனிமே நிறுத்திடாதீங்க."

"மாத்திரைக்கு நோட்டுப் போட்டீங்க. உப்புக்குப் போடலியே, அண்ணி" என்றாள் ரோசரி. ஆனால் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு கேன்டீனில் ஒரு பிடி உப்பாவது வாங்கி வருகிறேன் என்று கீழே போனாள்.

டாக்டர் எழுந்தார். "யாருக்காக நேர்ச்சை?"

"இவருக்காகத்தான்."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கட்டிலின் கால்மாட்டில் மருந்துச் சீட்டு தொங்கியது. மாத்திரையின் பெயர்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில் நேற்றைய தேதி.

சாம்பல் புதனன்று, நெற்றியில் சாம்பலோடு, மாதா முன்னால் மண்டியிட்டு நான் கேட்டது அது ஒன்றைத்தான். இவருக்கு இந்த மாத்திரை நின்றுவிட வேண்டும், பழையபடி வாய்விட்டுப் பாட வேண்டும் என்று.

ரோசரி காகிதத்தில் மடித்த உப்போடு வந்தாள். "நேர்ச்சைய முடிக்க வேணாமா? ஈஸ்டருக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கே?"

நான் காகிதத்தை வாங்கிப் பிரித்தேன். தூக்கில் முழுவதையும் கொட்டிக் கலக்கி, கரிக்கக் கரிக்க முதல் வாய் நானே குடித்தேன்.