வயிற்றுப் புண்

"யோவ் மனுஷா, அந்த கத்தரிக்கா ஊறுகாய இப்படி குடு!"

"அல்லா மேல சத்தியமா, இதான் கடைசி, பொம்பளே."

"போன துண்டையும் கடைசின்னுதான் சொன்ன. டாக்டர் என்ன சொன்னாரு? வயித்துல புண்ணு, புளிப்பு ஆகாதுன்னாரா இல்லையா?"

"எந்த டாக்டரு? கல்யாண வீட்ல என் பக்கத்துல உக்காந்து அரை ஆட்டத் தின்னானே, அவனா?"

நாடக அரங்கின் நடையில் ஸரிஃபா அப்படியே நின்றுவிட்டாள். கணவனுக்குச் சூப் கொண்டு வந்திருந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் அவன் எழுதிய நாடகத்துக்கு ஒத்திகை.

போன செவ்வாய்க்கிழமை அவள் சமையலறையில் நடந்த சண்டை. ஒரு வார்த்தை மாறவில்லை.

அதில் அவளுக்கு ஆச்சரியமில்லை. அவள் கணவன் அலோவ்சத், நையாண்டிக்குப் பேர்போன ஷெக்கி ஊர்க்காரன். ஒற்றைப் பெட்டியோடு பாக்கூவுக்கு வந்து, வானொலிக்குத் துணுக்கு எழுதி, பிறகு மேடை மேடையாக ஊரையே சிரிக்க வைத்தவன். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் எந்தச் சண்டையும் வீணானதில்லை. மாமியாரையே மூன்று நாடகத்தில் ஏற்றிவிட்டான்.

ஆனால் இந்தச் சண்டை மட்டும் மேடைக்கு வந்திருக்கக் கூடாது.

அது புண் இல்லை.

டாக்டர் அவளையும் மகனையும் மட்டும் வெளியே கூப்பிட்டுத்தான் சொன்னார். இனி வைத்தியம் இல்லை என்றார். அவருக்குத் தெரிய வேண்டாம், தெரிந்தால் மனசு விட்டுவிடுவார் என்றும் சொன்னார். அங்கே அதுதான் வழக்கம். நோயாளியிடம் யாரும் சொல்ல மாட்டார்கள்.

அதனால்தான் ஸரிஃபா ஊறுகாய்க்குச் சண்டை போட்டாள். திடீரென்று "சாப்பிடு" என்று விட்டுவிட்டால் சந்தேகம் வந்துவிடுமே.

உள்ளே மனைவி வேஷக்காரி கதவை அறைந்துவிட்டுப் போகும் சத்தம். அன்று ஸரிஃபாவும் அப்படித்தான் போனாள். அதற்குப் பிறகு சமையலறையில் நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது.

கணவன் வேஷக்காரன் காலி நாற்காலிகளைப் பார்த்துப் பேசினான்.

"போயிட்டா. பால்கனியில நின்னு அழுதுட்டு, மூஞ்சியக் கழுவிட்டு வந்து, வெங்காயம் உரிச்சேன்னு சொல்லுவா. டாக்டரு வெளிய வச்சு சொன்னது என் காதுல விழுந்துச்சுன்னு அவளுக்குத் தெரியாது. எத்தனையோ நடிகைங்களப் பாத்துட்டேன். இவ்வளவு மோசமா நடிக்கிறவ இவ ஒருத்திதான். ஆனா கெடுக்க மனசு வரலைங்க."

உள்ளே எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவே, இருமலோடு சேர்ந்த அலோவ்சத்தின் சிரிப்பும் கேட்டது.

ஸரிஃபா சூப் பாத்திரத்தைத் தரையில் வைத்தாள்.

"முஅல்லிம், கடைசிக் காட்சிய எப்பத் தருவீங்க?" என்று இயக்குநர் அலோவ்சத்திடம் கேட்டார். அங்கே வாத்தியாரை அழைக்கும் மரியாதைச் சொல் அது.

"அவசரப்படாத தம்பி. வீட்ல இன்னும் நடக்கலையே."

மறுபடியும் சிரிப்பு.

ஸரிஃபாவின் கை கதவின் பிடியில் இருக்கிறது. கேட்டுவிட்டேன் என்று உள்ளே போய்ச் சொல்வதா? ஒன்றும் கேட்காதவள் மாதிரி, அந்த மோசமான நடிப்பையே தொடர்வதா?

அவள் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்? ஆறுதலுக்காக எழுத வேண்டாம். நிஜமாக என்ன செய்வீர்களோ, அதைக் கீழே எழுதுங்கள்.