தேநீர் போட்ட துப்பாக்கி

அருங்காட்சியகத் தோட்டத்தில் ஒரு பழைய இயந்திரத் துப்பாக்கி தூறலில் நனைந்தபடி கனவு கண்டுகொண்டிருந்தது. அதன் குழல் நுனியில் ஒரு தேன்சிட்டு நார் சுற்றத் தொடங்கியது. கூடு கட்டப் போகிறதாம்.

"தாராளமா கட்டும்மா," என்றது துப்பாக்கி. பேச்சுத்துணை கிடைத்து வெகுநாளாகியிருந்தது. "நான் சாது. குழல் சூடாகாம இருக்க, அதைச் சுத்தியிருக்கிற உறைக்குள்ள தண்ணி ஊத்தியிருப்பாங்க. குளிருக்கு டீ வேணும்னா சிப்பாய்ங்க என்னை முடுக்கிவிடுவாங்க. எதிர்ல வெறும் மூடுபனிதான். படபடன்னு சுட்டா தண்ணி கொதிச்சிடும். டீயில எண்ணெய் வாடை அடிக்கும். ஆனாலும் குவளையை ரெண்டு கையாலயும் அணைச்சுக்கிட்டு சிரிப்பாங்க."

"அழகா இருக்குண்ணே," என்று சிட்டு இன்னொரு சுற்று சுற்றியது. பிறகு தலையைச் சாய்த்தது. "தண்ணி கொதிச்சுது, சரி. குண்டெல்லாம் எங்க போச்சு?"

"மூடுபனிக்குள்ள."

"அங்க யாரு இருந்தா?"

நூறு வருஷமாக அதை யாரும் கேட்டதில்லை.

"பனி விலகறதுக்குள்ள நாங்க டீ குடிச்சிட்டுக் கிளம்பிட்டோம்."

சிட்டு நாரை ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்து, அலகில் கவ்விக்கொண்டு, எதிரே இருந்த மாதுளைச் செடிக்குப் பறந்தது.