ஆறாத அச்சு

1983 ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை காலை, சமயநல்லூர் வார்ப்படப் பட்டறையில் ஓர் அச்சு மட்டும் இன்னும் ஆறவில்லை.

கேஸ் டர்பைனுக்கான பெரிய பிளேடுகளை அங்கே வார்த்தார்கள். உலோகத்தை ஊற்றியதும், விரிசல் விடாமல் மெல்ல ஆறுவதற்காக அன்னக்கொடி ஒவ்வொரு அச்சையும் தீப்பிடிக்காத கனத்த கம்பளியால் சுற்றுவாள். ஆறியபின் அவள் கணவன் விருமாண்டி சுத்தியலால் அச்சை உடைத்து பிளேடை எடுப்பான். திங்களன்று ஊற்றியவற்றில் மற்றதெல்லாம் மறுநாளே ஆறிவிட்டது.

"என்ன மாப்ள, உள்ள அடுப்ப வச்சு மூடிட்டியா?" என்றார் ஃபோர்மேன் ஹரிராம். "லாரி நிக்குது. உடைச்சிரு."

விருமாண்டி கம்பளியை விலக்கி உள்ளங்கையை வைத்தான். கை சுடவில்லை. அது உடம்புச் சூடு. ஆடி மாதம் பெரியாஸ்பத்திரியில், எல்லாம் முடிந்துவிட்டது என்று டாக்டர் சொன்னபோது, மகளின் உடம்பில் இதே சூடு இருந்தது. அன்னக்கொடி மடியிலிருந்து பிள்ளையைத் தூக்கியவன் அவன்தான்.

அவன் சுத்தியலை எடுத்தான். அன்னக்கொடி வந்து கம்பளியை இழுத்துப் போர்த்தி, ஓரங்களை உள்ளே செருகினாள்.

"இன்னும் சூடு இருக்குங்க," என்றாள். "இந்தத் தடவையும் தூக்கிருவீகளா?"