சித்திரையில் பனி

எண்ணூர்க் குப்பத்தில், கார்குழலி வீட்டு முருங்கை மரத்தடியில் நின்றபடி, போட்டிக்கு அவள் அனுப்பிய கவிதையைப் பத்திரிகை ஆசிரியர் உரக்கப் படித்தார்.

"'சித்திரையிலும் எங்கள் முருங்கையில் பனி பூத்திருக்கிறது, ஆற்றில் வானவில் மிதக்கிறது.' தினசரி வாழ்க்கையில இவ்வளவு அழகைப் பார்த்திருக்கீங்களேம்மா! முதல் பரிசு உங்களுக்குத்தான்."

கார்குழலி கிளையை உலுக்கினாள். அவர் சட்டையெல்லாம் சாம்பல் கொட்டியது.

"ஆலைப் புகையில வர்ற சாம்பல் சார் இது. ஆத்துல மெதக்குறது எண்ணெய். கொழந்த ராப்பகலா இருமிக்கினே கீது. மூணு வருசமா மனு போட்டேன், ஒருத்தரும் படிக்கல. அதான் கவிதயா எழுதுனேன்."

ஆசிரியர் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"மனுவெல்லாம் நாங்க போடறதில்லம்மா" என்று காகிதத்தை மடித்து அவளிடமே நீட்டினார்.