மேசைமேல் ஒரு நாடு

மரகதவல்லி டீச்சரின் வரலாற்று வகுப்பில் பாடப்புத்தகம் கிடையாது. மேசைமேல் ஒரு நாடு இருக்கும். விரல்நுனி உயர மனிதர்கள், நேற்றுதான் அரசனை விரட்டிவிட்டு, இனி என்ன செய்வதென்று தெரியாமல் சந்தைத் திடலில் கூடியிருப்பார்கள். அவர்களுக்கு அரசாங்கம் அமைத்துக் கொடுப்பது பிள்ளைகளின் வேலை. மணி அடித்ததும், கரும்பலகையைத் துடைப்பதுபோல் டீச்சர் அந்த நாட்டைத் துடைத்துவிடுவார். அடுத்த வகுப்புக்குப் புது நாடு வேண்டுமே.

யார் தலைவர் என்றுதான் எல்லா வகுப்பும் முதலில் அடித்துக்கொள்ளும். இந்த ஒன்பதாம் வகுப்போ ஷகிலாவின் பேச்சைக் கேட்டு வேறொரு சட்டத்தை முதலில் எழுதியது: மக்களைக் கேட்காமல் இந்த நாட்டை யாரும் கலைக்கக் கூடாது.

மணி அடித்தது. டீச்சர் நாட்டைத் துடைக்கும் பொத்தானை அழுத்தினார். நாடு அழியவில்லை.

"என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க," என்றாள் ஷகிலா.

கீழே சந்தைத் திடலில், நாட்டைக் கலைக்கலாமா என்று ஓட்டெடுப்பு நடந்துகொண்டிருந்தது. இதுவரை துடைத்த நாடுகளெல்லாம் நினைவுக்கு வர, டீச்சர் பொத்தானிலிருந்து கையை எடுத்தார். கடைசியில் அந்த மக்களின் சபைத் தலைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"நாங்க இருக்கோம். அடுத்த வகுப்புப் பிள்ளைங்களும் வரட்டும், இடம் இருக்கு. டீச்சரும் வரலாம். ஆனா கேட்டுட்டு வரணும்."

மறுநாள் டீச்சர் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு மேசையோரம் வந்து நின்றார்.

"உள்ளே வரலாமா?"

"கொஞ்சம் இருங்க டீச்சர், பேசிட்டுச் சொல்றோம்," என்றாள் சபைத் தலைவி.

டீச்சர் காத்து நின்றார். இத்தனை வருடத்தில் அவரிடம் இவ்வளவு நன்றாக யாரும் படித்ததில்லை.