உப்புப் பூத்த வயல்

"சார், யாரோ உப்பைக் கொட்டிட்டாங்கன்னுதான் எழுதப் போறீங்களா?"

மண் பரிசோதனை அலுவலருக்கு எரிச்சலாக இருந்தது. மூன்று வாரத்தில் அந்தப் பெண் ஐந்தாவது முறையாக வந்திருக்கிறாள். அவளுடைய அப்பாவின் வயல் உப்புப் பூத்து வெளுத்து, பயிர் கருகிவிட்டது. பக்கத்து வயல்காரன்தான் உப்பைக் கொட்டினான் என்று அப்பா புகார் கொடுத்திருந்தார்.

"உங்க இஷ்டத்துக்கு எழுத முடியாதும்மா. நேத்து வயல்ல குழி தோண்டிப் பார்த்தேன். மூணடியிலேயே தண்ணி ஊறுது. வாயில வெச்சா கரிக்குது."

"அப்படின்னா?"

"வருஷக்கணக்கா பாய்ச்சின தண்ணி வடிய வழியில்லாம, அடியில இருந்த உப்புத்தண்ணி மேல ஏறிடுச்சு. வெயில்ல தண்ணி ஆவியாயிடும், உப்பு தங்கிடும். யாரும் கொட்டலை."

சண்டைக்கு வருவாள் என்று அவர் காத்திருந்தார். அவளோ நாற்காலியில் சாய்ந்து நிம்மதிப் பெருமூச்சு விட்டாள். கண்கள் கலங்கியிருந்தன.

"புகார் நிக்காதுன்னு சொல்றேன், சந்தோஷப்படறீங்களே?"

"அந்தப் பக்கத்து வயல்காரர் என் வீட்டுக்காரர் சார். நாலு மாசமா அப்பா எங்க வாசப்படி மிதிக்கலை."

அலுவலரின் குரல் தணிந்தது. "வயலைக் காப்பாத்திடலாம்மா. ஆழமா வடிகால் வெட்டி உப்பைக் கழுவி வடிக்கணும். ஆனா ரெண்டு வயலுக்கும் சேர்த்துத்தான் வெட்டணும்."

அவள் அங்கேயே ஃபோனை எடுத்தாள்.

"அப்பா, மண்வெட்டியை எடுத்துக்கிட்டு எங்க வீட்டுக்கு வாங்க. நீங்க இல்லாம உங்க மாப்பிள்ளையால வடிகால் வெட்ட முடியாதாம். ஆபீசரே சொல்லிட்டார்."