குளத்தைச் சுற்றி ஒரு கல்வரிசை

ஊர் நடுவே காலியாகக் கிடந்த நிலம் பூங்காவானபோது, குளத்தைச் சுற்றி ஒரு சாண் உயரத்துக்கு வெள்ளைக் கல் பதித்தார்கள். அங்கே வாழ்ந்த ஆமைகள் இரண்டு, அண்ணனும் தங்கையும், கல்லுக்கு வெளியே மாட்டிக்கொண்டன.

வெயில் ஏறியது. கல்மேல் ஏறப் பார்த்த அண்ணன் ஆமை சரிந்து விழுந்தது.

விளக்குக் கம்பத்தில் இருந்த காக்கை கேட்டது: "எதுக்கு அண்ணே இந்தப் பாடு? குளம் எதிர்லதானே இருக்கு?"

"நடுவுல கல் இருக்கே."

"அதுவா? மேலேயிருந்து பார்த்தா கோலம் போட்ட மாதிரி அவ்வளவு அழகா இருக்கு. அதை ஒட்டியே போங்க, எங்கேயாவது வழி இருக்கும்."

இரண்டும் கல்லை ஒட்டியே சுற்றி வந்தன. வழி இல்லை. தங்கையால் அதற்குமேல் நடக்க முடியவில்லை. "அண்ணா, நான் இந்தச் செடி நிழல்லயே கிடக்கிறேன்" என்றது. அண்ணன் மட்டும் மறுபடி தேடிப் போனது.

மாலையில் செடிகளுக்குத் தண்ணீர் கொண்டுவந்த லாரி, பின்னால் நகரும்போது ஒரு கல்லை இடித்துப் பெயர்த்தது. அந்த இடைவெளியில் நுழைந்த ஆமை குளக்கரையை அடைந்தது. தொண்டையை நனைத்துக்கொண்டு போய்த் தங்கையை அழைத்து வரலாம் என்று தண்ணீரில் தலையை நீட்டியது.

காக்கை வருத்தத்தோடு சொன்னது: "அந்த இடம் மட்டும் அசிங்கமாயிடுச்சு. கவலைப்படாதீங்க அண்ணே, கொத்தனார் வந்துட்டிருக்கார். இப்பவே சரி பண்ணிடுவார்."

ஆமை ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தங்கையைக் கூவி அழைத்துக்கொண்டே, வந்த வழியில் வெளியே ஓடியது.